விட்டதைப் பிடிக்கும் இரவு: இணையச் சீட்டாட்டம் நோயாகும்போது

இணையத்தில் பணம் வைத்துச் சீட்டாடிப் பெருந்தொகையை இழந்த ஒருவரை மனநலப் பிரிவுக்கு அழைத்து வரும் குடும்பத்தினர், பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நன்றாகப் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன், ஒரே இரவில் இவ்வளவு பணத்தை எப்படி விட்டான்?"

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை அறிவுக் குறைவில் இல்லை. ஒழுக்கக் கேட்டிலும் இல்லை. முதலில் இழந்த தொகை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்று விடியும்வரை ஆடியதில் போனதுதான் பெருந்தொகை. "விட்டதைப் பிடிப்பது" என்று நம் பேச்சு வழக்கில் சொல்லும் இந்த முயற்சியே சூதாட்ட நோயின் மையம். அது மூளையில் எவ்வாறு உருவாகிறது, எப்போது நோயாகிறது, மறுநாள் காலையில் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கள், சூது, மருந்து

திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94ஆம் அதிகாரம் சூது, 95ஆம் அதிகாரம் மருந்து. மதுவையும் சூதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் இந்த வரிசைக்கு நவீன மருத்துவம் மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் சூதாட்ட நோய் முதன்முதலாக 1980இல் இடம்பெற்றது. அப்போது அது தூண்டுதலைக் கட்டுப்படுத்த இயலாத நிலைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் அது மதுவுக்கும் போதைப் பொருள்களுக்கும் அருகில், அடிமைத்தன நோய்களின் பிரிவுக்கு மாற்றப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்னும் நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் இணையவழிச் சூதாட்ட நோய்க்கெனத் தனிக் குறியீடே இருக்கிறது.

எனவே இதை "கெட்ட சகவாசம்" என்றோ "திமிர்" என்றோ மட்டும் பார்ப்பது போதாது. இது அறிகுறிகளும் போக்கும் சிகிச்சையும் கொண்ட ஒரு நோய்.

ஓர் இரவு நடக்கும் விதம்

கீழே வருவது எந்தத் தனி நோயாளியின் கதையும் அன்று. சிகிச்சைக்கு வருவோரின் அனுபவங்களில் பொதுவாகக் காணப்படும் படிகளை ஒன்றாகக் கோத்த ஒரு மாதிரி மட்டுமே.

இரவு பத்து மணி. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஐந்நூறு ரூபாயுடன் போக்கர் ஆட்டம் தொடங்குகிறது. முதல் அரை மணி நேரத்தில் அது ஆயிரத்து எண்ணூறு ரூபாயாகிறது. அப்போது எழுந்துவிட எந்தக் காரணமும் தெரிவதில்லை. பதினொன்றரை மணிக்குக் கையில் இரண்டு ஏஸ் வருகின்றன. டெக்சஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகையில் தொடக்கத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கை அதுதான். எதிராளியிடம் இருப்பவை இரண்டு ராஜா. பணம் முழுவதையும் வைக்கிறார். கடைசியாகத் திருப்பப்படும் சீட்டு மூன்றாவது ராஜா. எல்லாம் போகிறது.

அவர் செய்த முடிவில் பிழையில்லை. இரண்டு ஏஸுக்கு எதிராக இரண்டு ராஜா இருந்தால், ஏஸ் வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். ஆனால் மீதி 18 சதவீதமும் உண்மைதான். ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை இந்த நல்ல கையும் தோற்கும். இதே நிலை மூன்று முறை அமைந்தால், ஒரு முறையேனும் தோற்பதற்கான வாய்ப்பு 45 சதவீதம்.

இதை நன்றாக அறிந்தவருக்கும் அந்த நொடியில் தோன்றுவது கணக்கு அல்ல, அநியாயம் நடந்துவிட்டது என்ற கொதிப்பு. போக்கர் ஆடுவோர் இந்த நிலையை "டில்ட்" என்பார்கள். சாய்ந்துவிட்ட தராசு போன்ற மனநிலை அது. அடுத்த பத்து நிமிடங்களில் இரண்டாயிரம் ரூபாய் செலுத்தப்படுகிறது. பந்தயம் சிறியதாக இருந்தால் இழந்ததை மீட்க நேரமாகும் என்பதால், பெரிய பந்தய மேசைக்கு மாறுகிறார். நள்ளிரவுக்குப் பின் கடன் அட்டை, அதன்பின் கடன் செயலி. விடியற்காலை நான்கு மணிக்கு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. அவருடைய வருத்தமோ பதினொன்றரை மணிக்கு வந்த அந்த மூன்றாவது ராஜாவைப் பற்றியே இருக்கிறது.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000. ஆறு தோல்விகளில் போனது 31,500 ரூபாய். ஏழாவது பந்தயத்துக்கு 32,000 ரூபாய் வேண்டும். அதில் வென்றாலும் மிஞ்சும் ஆதாயம் தொடக்கத்தில் வைத்த ஐந்நூறு ரூபாய் மட்டுமே.

திறமை காப்பாற்றாதா?

"போக்கர் திறமை விளையாட்டு, நான் கற்றுக்கொண்டு ஆடுகிறேன்" என்று நோயாளிகள் சொல்வதுண்டு. போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பது உண்மைதான். ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மேசையை நடத்தும் நிறுவனம் ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்தயத் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கணக்கு விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் அமர்கிறார்கள். மேசையில் மொத்தம் ஆறாயிரம் ரூபாய். ஓர் ஆட்டத்தின் சராசரிப் பந்தயத் தொகை 300 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 5 சதவீதம் எனில், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 15 ரூபாய் மேசையை விட்டு வெளியேறுகிறது. சீட்டைக் கையால் கலைத்துப் போடும் தாமதம் இணையத்தில் இல்லாததால் மணிக்கு அறுபது ஆட்டங்கள் நடக்கலாம். அப்படியானால் மணிக்கு 900 ரூபாய். ஆறு மணி நேரத்தில் 5,400 ரூபாய். யாரும் புதிதாகப் பணம் சேர்க்காவிட்டால், பத்து மணிக்கு மேசையில் இருந்த ஆறாயிரத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எஞ்சுவது 600 ரூபாய். சக ஆட்டக்காரரை வெல்வது போதாது. இந்தக் கழிவையும் ஈடுகட்டும் அளவுக்கு வெல்ல வேண்டும்.

இரண்டாவது, திறமை என்பது அமைதியான மனத்தில்தான் வேலை செய்யும். கொதித்துப் போயிருக்கும் ஒருவரிடம் அது தொடர்ந்து ஆடுவதற்கான நியாயமாக மாறிவிடுகிறது. லாட்டரிச் சீட்டில் தோற்றவர் "அதிர்ஷ்டமில்லை" என்று சொல்லிவிட முடியும். போக்கரில் தோற்றவரோ "இந்த ஒரு தவறைத் திருத்திக்கொண்டால் வென்றுவிடுவேன்" என்று எண்ணுகிறார். அதனால்தான் நன்றாக ஆடத் தெரிந்தவர்களையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை.

மூளையில் நிகழ்வது

மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் வெறும் இன்பத்துக்கானது என்று பலர் எண்ணுகிறார்கள். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் நரம்பியல் அறிஞர் 1990களில் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. முழுவதும் எதிர்பார்த்த பரிசு கிடைக்கும்போது டோபமின் நரம்பணுக்கள் பெரிதாகத் தூண்டப்படுவதில்லை. எதிர்பாராமல் கிடைக்கும்போதுதான் அவை வீறுகொண்டு எழுகின்றன. எப்போது வரும் என்று தெரியாத வெற்றி, உறுதியாக வரும் வெற்றியைவிட ஆழமாக மூளையில் பதிகிறது. விலங்குகளுக்குத் தீனி எப்போது விழும் என்று கணிக்க முடியாதபடி அமைத்தால், தீனி நின்றுபோன பிறகும் அவை நெடுநேரம் விசையை அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் அதற்கும் முன்பே காட்டியிருந்தார்.

இதனுடன் இழப்பின் வலி சேர்கிறது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இருவரும் 1979இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுரை, ஒரே அளவுத் தொகையைப் பெறும் மகிழ்ச்சியைவிட அதை இழக்கும் வலி பெரிது என்பதை எடுத்துக்காட்டியது. தன் இழப்பை ஏற்று மனம் ஆறாதவர், சாதாரண நேரத்தில் தொடத் துணியாத பந்தயங்களையும் ஏற்றுக்கொள்வார் என்றும் அவ்வுரை சுட்டியது. கணக்கை மூடினால் இழப்பு உறுதியாகிவிடும். ஆடிக்கொண்டிருக்கும்வரை அது இன்னும் உறுதியாகவில்லை என்று மனம் ஏமாற்றிக்கொள்கிறது. விட்டதைப் பிடிக்கும் வேட்கையின் வேர் இதுதான்.

செயலிகளின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. பணத்தை உள்ளே செலுத்தச் சில நொடிகள் போதும். வெளியே எடுப்பதற்குப் பெரும்பாலும் அதைவிட நேரமாகும். ரூபாய் நோட்டு கையைவிட்டுப் போகும் உணர்வு, திரையில் எண் குறைவதில் ஏற்படுவதில்லை.

ஏன் நள்ளிரவுக்குப் பின்?

பெரிய இழப்புகள் பின்னிரவில் நேர்வதற்கு உடலியல் காரணம் உண்டு. சிங்கப்பூரில் வினோத் வெங்கட்ராமன் குழுவினர் நடத்தி 2007இல் வெளியிட்ட மூளைப் படமெடுப்பு ஆய்வில், இரவு முழுவதும் உறங்காதவர்களிடம் ஆதாயத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு கூடியும், இழப்புக்கு மூளை காட்டும் எதிர்வினை குறைந்தும் இருந்தது. "போதும், எழுந்திரு" என்று சொல்லும் முன்மூளைப் பகுதி தளர்ந்திருக்கிறது. "இன்னும் ஒன்று" என்று தூண்டும் பகுதி விழித்திருக்கிறது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள நம் பகுதியில் இரவில் விழித்திருப்போர் பலர். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனங்களில் இரவுப் பணி முடித்து மேடவாக்கம், சேலையூர் வழியாக வீடு திரும்புவோர்; மெப்ஸ் வளாகத்தில் முறைப்பணி செய்வோர்; வண்டலூர், காட்டாங்கொளத்தூர் பக்கம் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள். இவர்களுடன் இன்னொரு பிரிவினரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உறவினரைச் சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டு, வார்டின் நாற்காலியில் இரவெல்லாம் விழித்திருக்கும் கவனிப்பாளர்களே அவர்கள். தூக்கமில்லை, தனிமை, மறுநாள் கட்ட வேண்டிய கட்டணத்தைப் பற்றிய கவலை, கையில் அலைபேசி. "சிகிச்சைச் செலவுக்குக் கொஞ்சம் புரட்டிவிடலாம்" என்ற எண்ணம் தோன்றுவதற்கு இதைவிட ஏதுவான சூழல் வேறில்லை. அவ்வாறு தோன்றினால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்றவற்றில் வழியிருக்கிறதா என்று அவரிடம் கேட்பது, அந்த இரவில் நீங்கள் செய்யக்கூடிய பாதுகாப்பான செயல்.

சட்டம் செய்ததும் செய்ய இயலாததும்

தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டக் கடனால் நேர்ந்த தற்கொலைகள் அரசின் கவனத்தை ஈர்த்தன. 2021இல் கொண்டுவரப்பட்ட தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. 2022 ஜூன் மாதம் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையைத் தொடர்ந்து 2022 அக்டோபரில் அவசரச் சட்டமும், 2023 ஏப்ரலில் முழுச் சட்டமும் வந்தன. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றது. ஆயினும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகச் சேர்த்த அட்டவணையை நீக்கியது.

மருத்துவ நோக்கில் முக்கியமானது 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குள் நுழைய அவை தடை விதித்தன. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவ்விதிகளை உறுதிசெய்தது. பின்னிரவின் ஆபத்தைப் பற்றி மேலே சொன்னவற்றோடு இது பொருந்துவதைக் காணலாம். பிறகு, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நாட்டின் பெரிய நிறுவனங்கள் அத்தகைய ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. இந்த மத்தியச் சட்டத்தின் தண்டனைகள் ஆட்டத்தை நடத்துவோர், விளம்பரம் செய்வோர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோர் ஆகியோரை நோக்கியவை.

வாசலை மூடியது நல்லது. ஆனால் செயலி நின்றதால் வேட்கை நின்றுவிடுவதில்லை. சிலர் வெளிநாட்டுத் தளங்களைத் தேடுகிறார்கள். சிலர் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்துக்கு மாறுகிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் இழப்பையே கண்டதாகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் தெரிவித்தது. பெயர் "முதலீடு" என்று மாறியிருந்தாலும், இரவு உறங்காமல் இழந்ததை மீட்கத் துடிக்கும் ஒருவருக்கு நோய் அதுவேதான்.

எப்போது நோய் என்கிறோம்?

எப்போதாவது சீட்டாடுபவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்களைக் கூறுகிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவு வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு இழத்தல். வேலை, குடும்பம், உறக்கம் ஆகிய அனைத்துக்கும் மேலாக ஆட்டம் முதலிடம் பெறுதல். தீங்கு நேர்வது தெரிந்தும் தொடர்தல்.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க இரண்டு எளிய கேள்விகள் உள்ளன.

1. வர வர அதிகப் பணம் வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியதுண்டா?
2. எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதைப் பற்றி உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா?

இவற்றுள் ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இது நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று. விரிவான பரிசோதனை தேவை என்பதற்கான அடையாளம்.

குடும்பத்தினர் கவனிக்கக்கூடிய வெளி அறிகுறிகளும் உண்டு. குளியலறைக்கும் அலைபேசியை எடுத்துச் செல்வது, வங்கிக் குறுஞ்செய்திகளை உடனுக்குடன் அழிப்பது, நகை அடகுக்குப் போயிருப்பது, நண்பர்களிடம் சிறு சிறு கடன், சம்பளம் வந்த மூன்றாம் நாளே பணமில்லை என்பது, காரணமில்லாத எரிச்சல் போன்றவை. மது நாற்றமோ தள்ளாட்டமோ இல்லாததால் இந்நோய் வீட்டுக்குள்ளேயே நெடுநாள் மறைந்திருக்கும்.

மருந்தின் பக்கவிளைவாகவும் வரலாம்

பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டோபமின் வழியாகச் செயல்படுபவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்கின்சன் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வில், இவ்வகை மருந்து உட்கொண்டவர்களுள் ஏறத்தாழ 17 சதவீதத்தினரிடம் சூதாட்டம், அளவற்ற பொருள் வாங்குதல், மிகையுணவு, மிகைப் பாலுணர்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கட்டுக்கடங்காத அளவில் காணப்பட்டது. இம்மருந்துகளை உட்கொள்ளாதவர்களிடம் அது ஏறத்தாழ 7 சதவீதம்.

ஆகவே, வாழ்நாள் முழுவதும் சிக்கனமாக இருந்த தந்தை பார்கின்சன் சிகிச்சை தொடங்கிய பின் திடீரென்று அலைபேசியில் பணம் வைத்து ஆடத் தொடங்கினால், அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை மாற்றினாலே பலருக்கு இது சீராகும். ஆனால் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் தீங்கு தரும். சில மனநோய்களுக்குத் தரப்படும் அரிபிப்ரசோல் மருந்திலும் அரிதாக இவ்விளைவு காணப்படுவதுண்டு.

மறுநாள் காலை

உண்மை வெளிவரும் காலைப்பொழுதுதான் மிகவும் ஆபத்தானது. இழந்த தொகையைவிட, "இனி வீட்டில் எப்படி முகம் காட்டுவேன்" என்ற அவமானமே உயிரை அச்சுறுத்துகிறது. அப்போது முதல் கேள்வி "எவ்வளவு போச்சு?" என்பதாக இருக்கக் கூடாது. "நீ பத்திரமா இருக்கியா? செத்துடலாம்னு ஏதாவது தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. இருக்கும் எண்ணத்தைச் சொல்வதற்கு வழி கிடைக்கிறது. "ஆம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கெட்டாமல் அகற்றிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரலாம்.

அடுத்த சில நாள்களில் செய்ய வேண்டியவை:

- மொத்தக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் முறை சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது. கோபப்படாமல் கேட்டால்தான் மீதியும் வெளிவரும்.
- சம்பளக் கணக்கின் பொறுப்பைச் சில மாதங்களுக்கு நம்பிக்கைக்குரிய ஒருவர் ஏற்கட்டும். யு.பி.ஐ. வரம்பைக் குறைத்துவிடுங்கள், கடன் அட்டையை வங்கியிடம் சொல்லி முடக்குங்கள். இதை நோயாளியின் சம்மதத்தோடு செய்தால்தான் பயன் நீடிக்கும்.
- அலைபேசியை இரவு பத்து மணிக்குமேல் படுக்கையறைக்கு வெளியே வைப்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவான வழக்கமாகட்டும். அவருக்கு மட்டும் என்றால் அது தண்டனையாகத் தோன்றும்.
- நகையை விற்று முழுக் கடனையும் உடனே, ரகசியமாக அடைத்துவிடாதீர்கள். பெற்றோர் அன்பினால் செய்யும் இச்செயல் பலமுறை நோயை வளர்க்கிறது. எல்லாக் கடனும் நீங்கிய நிம்மதியில் "மீண்டும் ஒருமுறை" என்ற எண்ணம் எளிதில் துளிர்க்கும். அவரே தம் வருமானத்திலிருந்து தவணையாகச் செலுத்துமாறு, கடன் கொடுத்தவர்களுடன் பேசித் திட்டமிடுங்கள்.

கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியுள்ளது. படங்களை மாற்றி அனுப்பி மிரட்டும் கடன் செயலிகள் பற்றி 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் தெரிவிக்கலாம். அத்தகைய மிரட்டலுக்கு அஞ்சி இன்னொரு கடன் வாங்க வேண்டாம்.

சிகிச்சை எவ்வாறு இருக்கும்?

முதல் சந்திப்பில் மருத்துவர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம், கவனக்குறைவு மிகுசெயல் நிலை, இருமுனை மனநோய் ஆகியவை உடன் இருக்கின்றனவா என்றும் ஆராய்வார். மனவெழுச்சி மிகுந்த காலத்தில் மட்டும் ஒருவர் பெரும் பந்தயம் வைக்கிறார் எனில், சிகிச்சையின் திசையே வேறாகும்.

இந்நோய்க்கு வலுவான சான்றுடைய சிகிச்சை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரந்தோறும் சில அமர்வுகளாக நடைபெறும். எந்த நேரத்தில், எந்த மனநிலையில் ஆடத் தோன்றுகிறது என்பதை நோயாளி ஒரு குறிப்பேட்டில் எழுதுவார். சம்பள நாள், வீட்டுச் சண்டை, தனித்த இரவு, கிரிக்கெட் போட்டிக் காலம் என்று ஒவ்வொருவருக்கும் தூண்டுகோல் வேறுபடும். "அடுத்தது நிச்சயம் எனக்குத்தான்" என்பது போன்ற எண்ணங்களை எடுத்து வைத்து, அவை உண்மையா என்று சேர்ந்து சோதிப்போம். வேட்கை ஓர் அலை போன்றது. எழும், உச்சம் தொடும், செயல்படாமல் பொறுத்திருந்தால் தணியும். அந்த இடைவேளையைக் கடக்கும் வழிகளைப் பழகுவதே பயிற்சியின் பெரும்பகுதி.

சூதாட்ட நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இல்லை. வேட்கை மிகுந்த சிலருக்கு நால்ட்ரெக்சோன் பயன்படுத்தப்படுகிறது. மனச்சோர்வு இருந்தால் அதற்கான மருந்து தரப்படும். மாத்திரை மட்டுமே போதும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இழந்த பணத்தை ஆட்டத்தின் வழியாக மீட்க இயலாது என்று மனம் ஒப்புக்கொள்வது சிகிச்சையில் மிகக் கடினமான கட்டம். இறந்த ஒருவருக்காகத் துக்கம் காப்பதைப் போல, போன பணத்துக்காகவும் சில காலம் வருந்த வேண்டியிருக்கும். அந்த வருத்தத்துக்குக் குடும்பம் இடம் தர வேண்டும். ஒவ்வொரு சண்டையிலும் பழைய கணக்கை எடுத்து வைத்தால், அதை அடைத்துவிடும் வெறியே மீண்டும் எழும்.

இடையில் ஒருமுறை தவறி ஆடிவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஒருமுறை அளவு கூடினால் சிகிச்சையைக் கைவிடுவதில்லையே. ஐந்நூறு ரூபாயை இழந்த அன்றே வந்து சொன்னால், அது ஐம்பதாயிரம் ஆகாமல் தடுக்க முடியும். அவ்வாறு சொல்லத் துணியும் சூழலை வீட்டில் உருவாக்குங்கள்.

எங்கே உதவி கிடைக்கும்?

மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சேவையிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் சென்னையில் செயல்பட்டுவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் மனநலப் புறநோயாளர் பிரிவுகள் உள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இணைய அடிமைத்தனத்துக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவை 2014 முதல் நடத்தி வருகிறது.

நம் மருத்துவமனைக்கு வருவோர் வரவேற்பு மேசையில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் போதும். காரணத்தை அங்கே விளக்க வேண்டியதில்லை. நீங்கள் மருத்துவரிடம் கூறுபவை ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு அளித்துள்ள உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களே அதற்கு விதிவிலக்கு. ஆடுபவர் வர மறுத்தால், குடும்பத்தினர் மட்டும் முதலில் வந்து ஆலோசனை பெறலாம். வரும்போது வங்கிக் கணக்கு விவரத்தையும், அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்து வாருங்கள்.